வானத்தில் தூரம், கடிகாரத்தில் நேரம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி விமானப் பயணத்தைப் பற்றியவை. செட்டிநாட்டில் இது வியப்புக்குரியதன்று. வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருக்கின்ற ஊர்கள் இவை. பேரன் பேத்தியைப் பார்க்கப் போகிறவர்களும், முன்னோரை வணங்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் பிள்ளைகள் வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டு முகப்பில் காத்திருப்பவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் என் மகள் திருச்சியிலிருந்து எனக்கு டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கிறாள். இரவு 1.00 மணிக்குப் புறப்பட்டுக் காலை 7.40-க்குப் போய்ச் சேரும் என்று அதில் அச்சாகியிருக்கிறது. எண்ணிப் பார்த்தால் 6 மணி 40 நிமிடம் வருகிறது. மகளோ, "நாலு மணி நேரம்தான் ஆத்தா" என்கிறாள். முழங்கால் வலியோடு இருக்கிற எனக்கு அந்த இரண்டரை மணி பெரிய கணக்கு. எது சரி?
(காரைக்குடி வாசகி)

பதில்: மகள் சொல்வதுதான் சரி, ஆச்சி. டிக்கெட்டில் புறப்படும் நேரத்தைப் புறப்படுகிற ஊரின் மணிப்படியும், சேரும் நேரத்தைச் சேருகிற ஊரின் மணிப்படியும் அச்சிடுவது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். சிங்கப்பூர் மணி நம் மணியைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே காலை 7.40 ஆகும்போது உங்கள் வீட்டுக் கடிகாரத்தில் 5.10-தான் ஆகியிருக்கும். 1.00 மணியிலிருந்து 5.10 வரை எண்ணினால் 4 மணி 10 நிமிடம். நீங்கள் விமானத்துக்குள் இருக்கப்போவது அவ்வளவு நேரம்தான்.

திரும்பி வரும்போது இதே கணக்கு தலைகீழாக நின்று மயக்கும். சிங்கப்பூரில் இரவு 8.40-க்குப் புறப்பட்டுத் திருச்சிக்கு 10.20-க்கு வரும் என்று இருந்தால், ஒன்றே முக்கால் மணிகூட இல்லையே என்று தோன்றும். அங்கே இரண்டரை மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மறுபடியும் 4 மணி 10 நிமிடமே வரும். கிழக்கே போகும்போது கழிக்கவும், மேற்கே வரும்போது கூட்டவும் வேண்டும் என்று டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 4 மணி 10 நிமிடமும் பறக்கும் நேரமன்று என்பதையும் சொல்ல வேண்டும். விமானம் தான் நிற்கும் இடத்தைவிட்டு நகரத் தொடங்கியது முதல், அந்த ஊரில் தன் இடத்தில் போய் நிற்பது வரை உள்ள நேரத்தைத்தான் நிறுவனங்கள் பயண நேரமாக அச்சிடுகின்றன. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவதும், முறைக்காக நிற்பதும், இறங்கியபின் மறுபடி ஊர்வதும் அதற்குள் அடக்கம். சக்கரம் தரையைவிட்டு எழுந்து, மறுபடி தரையைத் தொடும் வரை ஏறத்தாழ மூன்றே முக்கால் மணிதான். அந்த நேரத்தில் பெல்ட்டைக் கழற்றலாம் என்று அறிவித்த பிறகு நீங்கள் எழுந்து நடக்கலாம். நடைவழி ஓரத்து இருக்கையாகக் கேட்டு வாங்குமாறும், சக்கர நாற்காலி வேண்டும் என்று முன்கூட்டியே பதிந்து வைக்குமாறும் மகளிடம் சொல்லுங்கள். முழங்காலுக்கு விமானத்துக்குள் இருக்கும் நேரத்தைவிட, நிலையத்துக்குள் நடக்கிற தூரமே கூடுதல் சோதனை.

கேள்வி: என் தம்பிக்கு 12-ஆம் தேதி இரவு 12.40-க்கு விமானம். 12-ஆம் தேதி இராச்சாப்பாட்டை முடித்துக்கொண்டு, எல்லாரும் வழியனுப்பத் திருச்சிக்குப் போனோம். விமானம் முந்தின இரவே போய்விட்டது என்றார்கள். படித்த பிள்ளைக்கே இப்படி நேரலாமா?
(கண்டனூர் வாசகர்)

பதில்: நேர்ந்ததற்குப் படிப்புக் குறைவு காரணமன்று, நாள் எப்போது பிறக்கிறது என்பதில் நமக்கும் டிக்கெட்டுக்கும் உள்ள வேறுபாடே காரணம். பஞ்சாங்கப்படி நமக்கு நாள் பிறப்பது சூரிய உதயத்தில். இரவு ஒரு மணியானாலும் இரண்டு மணியானாலும், விடியும் வரை அது முந்தின நாளின் இரவுதான். ஆத்தாமார் பேச்சில் "செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு மணி" என்றால், ஆங்கிலக் கணக்கில் அது புதன்கிழமை. டிக்கெட்டுக்கோ நள்ளிரவு 12 அடித்த கணமே புதிய தேதி. ஆகவே 12-ஆம் தேதி 00.40 என்று இருந்தால், 11-ஆம் தேதி மாலை விளக்கு வைத்ததும் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

திருச்சியிலிருந்து கிழக்கே போகும் விமானங்களில் பல இந்த நடுநிசி வேளையில் புறப்படுவதால், எங்கள் குடும்பத்திலும் ஒரு முறை இதே தவறு நேர்ந்து, பயணத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து நாட்காட்டியில் விமானத் தேதியைக் குறிப்பதில்லை. வீட்டைவிட்டுக் கிளம்பும் தேதியையும் மணியையுமே குறிக்கிறோம். உங்கள் வீட்டிலும் அப்படியே செய்யுங்கள்.

கேள்வி: திருச்சி, சிங்கப்பூர் இடையே தூரம் எவ்வளவு என்று தேடினால் ஓரிடத்தில் 2,980 என்றும், ஓரிடத்தில் 1,850 என்றும், மற்றோரிடத்தில் 1,610 என்றும் இருக்கிறது. எதைப் பள்ளிக் குறிப்பேட்டில் எழுதுவது?
(தேவகோட்டை, பதினோராம் வகுப்பு மாணவி)

பதில்: மூன்றையும் எழுதலாம், அலகைச் சேர்த்து எழுதினால். 2,980 என்பது கிலோமீட்டர். 1,850 என்பது நாம் பழைய நாளில் சாலையில் அளந்த மைல். 1,610 என்பது கடல் மைல். விமானிகளும் மாலுமிகளும் கடல் மைலையே பயன்படுத்துகிறார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். இந்த எண் எங்கிருந்தோ வந்ததன்று. பூமியின் சுற்றளவை 360 பாகைகளாகவும், ஒவ்வொரு பாகையையும் 60 கலைகளாகவும் பிரித்தால், ஒரு கலையின் நீளமே ஒரு கடல் மைல். திருச்சிக்கும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையே பூமியின் மையத்தில் உண்டாகும் கோணம் ஏறக்குறைய 26.8 பாகை. அதை 60-ஆல் பெருக்கிப் பார், 1,608 வரும்.

உன் பள்ளியில் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துக்கொள். ஒரு முனையைத் திருச்சியில் பெருவிரலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையைச் சிங்கப்பூர் வரை தளர்வில்லாமல் இழுத்துப் பிடி. நூல் எந்த வழியில் படிந்து கிடக்கிறதோ அதுவே இரண்டு ஊர்களுக்கும் நடுவே உள்ள மிகக் குறைந்த தூரம். இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். அடுத்து, சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு இழுத்துப் பார்; நூல் பசிபிக் கடலின் நடுவில் போகாமல் வடக்கே ஏறி வளைந்து போவதைக் காண்பாய். சுவரில் தொங்கும் தட்டைப் படத்தில் நேராகத் தெரியும் கோடு உருண்டையில் நேர்வழி ஆகாது. நம் சிங்கப்பூர்ப் பாதை பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே கிடப்பதால், அதில் இந்த வளைவு கண்ணுக்குத் தெரியாத அளவே.

விமானம் பறப்பது இந்த 2,980 கிலோமீட்டரைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். வான்வழிக்கு என்று வகுக்கப்பட்ட பாதைகள் உண்டு. இறங்கும்போது ஓடுதளத்தின் திசைக்கு வர ஒரு சுற்றுச் சுற்ற வேண்டியிருக்கும். இடிமேகத்தைக் கண்டால் விலகிப் போக வேண்டியிருக்கும்.

கேள்வி: சூரியன் ஒரு பாகையைக் கடக்க 4 நிமிடம் ஆகும் என்று பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டு சொல்லிக்கொடுத்தவன் நான். நமக்கும் சிங்கப்பூருக்கும் தீர்க்க ரேகையில் 25 பாகைதான் வித்தியாசம். 100 நிமிடம்தானே வர வேண்டும்? இரண்டரை மணி நேரம் எப்படி வந்தது?
(பள்ளத்தூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, உங்கள் கணக்கில் பிழையில்லை. சூரியனைக் கேட்டால் வித்தியாசம் 1 மணி 40 நிமிடம்தான். மீதி 50 நிமிடத்தை மனிதர்கள் சேர்த்திருக்கிறார்கள்.

இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்க ரேகையை ஒட்டியது. அது மிர்சாப்பூருக்கு அருகே போகிறது. செட்டிநாடு அதற்கு மேற்கே ஏறக்குறைய 79 பாகையில் இருப்பதால், நம் உச்சிப்பொழுது கடிகாரத்தின் 12 மணிக்குக் கால் மணி நேரம் பிந்தியே சராசரியாக வருகிறது. சிங்கப்பூர் 104 பாகையில் இருக்கிறது. சூரியன்படி கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம் முந்தியிருக்க வேண்டிய ஊர் அது. ஆனால் எட்டு மணி நேரம் முந்திய கணக்கை வைத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அங்கே ஆண்டு முழுவதும் விடிவது காலை ஏழு மணியை ஒட்டியே. 6.30-க்கு இறங்குகிறவர்கள், "இன்னும் இருட்டாக இருக்கிறதே" என்று கடிகாரத்தைச் சந்தேகிப்பதும் இதனால்தான்.

இந்த எட்டு மணிக் கணக்கும் பழையதன்று. ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை அங்கே தோக்கியோ மணியே நடந்தது. போருக்குப் பிறகு ஏழரை மணிக் கணக்கு நெடுங்காலம் இருந்தது. அதாவது நம்மைவிடச் சரியாக இரண்டு மணி நேரம் முந்தல். 1982 ஜனவரி முதல் தேதி, மலேசியாவின் கிழக்குப் பகுதிகளான சபா, சரவாக்கின் மணியோடு ஒன்றாவதற்காகத் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் அன்றே கூடவே தள்ளிக்கொண்டது.

எங்கள் வீட்டு வளவில் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. பெரிய கதவுக்கு இருபுறமும் இரண்டு சுவர்க் கடிகாரங்கள். இரண்டும் தேக்குப் பெட்டியில் ஊசல் ஆடுபவை, சாவி கொடுத்து ஓடுபவை. இடப்புறத்துக் கடிகாரத்தின் கண்ணாடிக்குக் கீழே, நாட்பட்டுப் பழுப்பேறிய ஒரு துண்டுக் காகிதத்தில் "பினாங்கு" என்று ஊதாப் பென்சிலால் எழுதி ஒட்டியிருக்கிறது. எங்கள் ஐயா மலேசியாவில் உள்ள அந்த ஊருக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போயிருந்த காலத்தில், அங்கே கடை சாத்தும் நேரம் இது, சாப்பிடும் நேரம் இது என்று பார்த்துக்கொள்வதற்காக அப்பத்தா வைத்துக்கொண்டது. 1982 பொங்கலுக்குச் சில நாள் முன்பு பினாங்கிலிருந்து வந்த கடிதத்தில், "இங்கே மணியை மாற்றிவிட்டார்கள்" என்று ஒரு வரி இருந்தது. அப்பத்தா முக்காலியைப் போட்டு ஏறி, பெரிய முள்ளைத் தன் விரலாலேயே அரைச் சுற்றுத் தள்ளி வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மணி அடிக்கும் பொறி அதற்கேற்ப நகராமல் அன்று மாலை முழுவதும் தவறாக அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கடிகாரம் இன்றும் இரண்டரை மணி நேரம் முந்தியே ஓடுகிறது. சாவி கொடுப்பது இப்போது என் பொறுப்பு.

இலங்கையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1996-இல் அங்கே மணியை முன்னே தள்ளினார்கள். முதலில் ஒரு மணி நேரம், அதே ஆண்டில் பிறகு அரைமணி என்று திருத்தினார்கள். 2006-இல் பழையபடி நம் மணிக்கே திரும்பிவிட்டார்கள். இன்று கொழும்பு போகிறவர்கள் கடிகாரத்தைத் தொட வேண்டியதில்லை.

கேள்வி: சிங்கப்பூர் போவதற்கு எங்களுக்குத் திருச்சி நல்லதா, மதுரையா, சென்னையா? கொழும்பு வழியாகப் போனால் மலிவு என்கிறார்களே, அது சுற்றுவழி இல்லையா?
(ஆத்தங்குடி வாசகி)

பதில்: வானத்துத் தூரத்தை மட்டும் பார்த்தால் சென்னையிலிருந்து ஏறக்குறைய 2,925 கிலோமீட்டர், திருச்சியிலிருந்து 2,980, மதுரையிலிருந்து 3,015. மூன்றுக்கும் நடுவே உள்ள மிகப் பெரிய வித்தியாசமே 90 கிலோமீட்டர்தான். விமானத்துக்கு அது ஆறு ஏழு நிமிட வேலை. எனவே வானத்துத் தூரத்தைப் பார்த்து நிலையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், நிலத்துத் தூரத்தைப் பாருங்கள். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே, நகரத்துக்கு இப்பால் இருப்பது நமக்குப் பெரிய வசதி. திருமயம் கோட்டையைக் கடந்து, புதுக்கோட்டையைக் கடந்து போனால், திருச்சி நெரிசலுக்குள் நுழையாமலே நிலையத்துக்குப் போய்ச் சேரலாம். மதுரை நிலையமோ நகரத்துக்குத் தெற்கே அப்பால் இருக்கிறது.

கொழும்பு வழி பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் விடை நீங்கள் எதிர்பார்ப்பதற்கு மாறானது. திருச்சியிலிருந்து கொழும்புக்கு 420 கிலோமீட்டர், கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கு 2,750, கூட்டினால் 3,170. நேர்வழியைவிட 190 கிலோமீட்டர்தான் அதிகம். சுற்று என்று சொல்வதற்கே இல்லை. ஆனால் கொழும்பில் அடுத்த விமானத்துக்காக இரண்டு மணி காத்திருக்கிறீர்களா, ஒன்பது மணி காத்திருக்கிறீர்களா என்பதே பயணத்தை முடிவு செய்கிறது. டிக்கெட் எடுக்கும்போது கட்டணத்துக்குப் பக்கத்தில் மொத்தப் பயண நேரம் என்று ஒரு வரி இருக்கும்; கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பாருங்கள். வயதானவர்கள் தனியே போவதானால், இரண்டு மூவாயிரம் ரூபாய் கூடினாலும் நேர் விமானத்தையே சொல்வேன்.

வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் தொகை வேறு. ஆத்தங்குடியிலிருந்து நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். பறப்பு நான்கு மணிக்குச் சற்று மேல். அங்கே கடவுச்சீட்டுச் சோதனை, பெட்டி எடுப்பது, மகன் வீட்டுக்குப் போவது எல்லாம் சேர்ந்து இரண்டு மணி. ஆகப் பதினொரு மணி நேரம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தப் பதினொரு மணியை மனத்தில் வைத்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் பாட்டையா ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்தவர். வீட்டுத் தூணெல்லாம் பர்மாத் தேக்கு. ஒரு முறை போய்ப் பார்த்து வர ஆசை. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?
(கானாடுகாத்தான் வாசகர்)

பதில்: இன்று யாங்கூன் என்று பெயர். திருச்சியிலிருந்து நேர்கோட்டில் 2,000 கிலோமீட்டர், சென்னையிலிருந்து 1,770. சிங்கப்பூரைவிட ஆயிரம் கிலோமீட்டர் அருகில் இருக்கும் ஊர் அது. சென்னையிலிருந்து இடைநில்லாமல் பறந்தால் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். ஆனால் நம் பக்கத்திலிருந்து பெரும்பாலும் வேறு ஊர் வழியாகவே போக வேண்டியிருக்கிறது. கோலாலம்பூர் வழி போனால் 2,690 கிலோமீட்டர் போய், அங்கிருந்து 1,690 கிலோமீட்டர் வடக்கே திரும்ப வேண்டும், மொத்தம் 4,380. நேர்வழியின் இரண்டு மடங்குக்கு மேல். அங்கத்திய மணி நமக்கு ஒரு மணி நேரம் முந்தியது. அங்குள்ள நிலைமையை அறிந்து, வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரையைப் பார்த்த பிறகே தேதி குறியுங்கள். உங்கள் வீட்டுத் தூண்கள் வந்த வழியை ஒரு முறை கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. அது நிறைவேற வேண்டும்.

கேள்வி: திருச்சியிலிருந்து சென்னைக்கு 295 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம், கொழும்புக்கு 420 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம் என்கிறார்களே?
(புதுவயல் வாசகர்)

பதில்: குறுகிய பயணத்தில் நேரம் தூரத்தில் கரைவதில்லை, ஊர்வதிலும் ஏறுவதிலும் இறங்குவதிலும் கரைகிறது. முழு வேகத்தில் பறக்கும் நேரம் கொஞ்சம்தான். 125 கிலோமீட்டர் கூடினால் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

கேள்வி: ஆடி மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த மருமகன், "போகும்போதைவிட வரும்போது சீக்கிரம் வந்துவிட்டது" என்றார். ஆடிக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது. அப்படியானால் போகும்போதல்லவா தள்ளிவிட வேண்டும்?
(கோட்டையூர் வாசகி)

பதில்: இந்தக் கேள்விக்காகவே உங்களை வாழ்த்துகிறேன். அம்மியையே பறக்கவைக்கும் என்று நாம் சொல்கிற ஆடிக் காற்று, மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவது உண்மை. ஆனால் அது தரையை ஒட்டிய காற்று. மேலே ஏற ஏற அதன் வலு குறைந்து, ஒரு மட்டத்துக்கு மேல் திசையே மாறிவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேல், மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெருங்காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. கோடையில் திபெத் பீடபூமியும் வட இந்தியாவும் தெற்கே உள்ள கடலைவிட மிகுதியாகச் சூடேறுவதால் பிறக்கும் காற்று இது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று இதைச் சொல்கிறார்கள். இதை 1950-களில் ஆராய்ந்து விளக்கியவர், பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த பி. கோட்டீஸ்வரம். இதன் உச்ச வேகம் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில்; விமானம் பறக்கும் 10, 11 கிலோமீட்டர் உயரத்திலும் அதன் கீழ்விளிம்பு நன்றாகவே உறைக்கிறது.

கணக்காகவே பாருங்கள். காற்றில்லாமல் விமானம் மணிக்கு 830 கிலோமீட்டர் போவதாக வைத்துக்கொண்டால், முழு உயரத்தில் பறக்கும் 2,500 கிலோமீட்டருக்கு 3 மணி 1 நிமிடம் ஆகும். 50 கிலோமீட்டர் வேகக் காற்று எதிர்த்தால் 3 மணி 12 நிமிடம். அதே காற்று பின்னிருந்து தள்ளினால் 2 மணி 50 நிமிடம். போவதற்கும் வருவதற்கும் 22 நிமிட வித்தியாசம். பாதை தென்கிழக்காகச் சாய்ந்திருப்பதால், அடிக்கிற காற்று முழுவதும் நேரே எதிர்க்காது. ஆகவே அன்றாட வித்தியாசம் இதைவிடக் குறையலாம்.

மருமகன் அடுத்த முறை சன்னலோரம் உட்கார்ந்து வந்தால், இருக்கைக்கு எதிரே திரை உள்ள விமானமாக இருந்தால், பயண வரைபடத்தில் தரை வேகம் என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். போகும்போதும் வரும்போதும் பாதி வழியில் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். நீங்கள் எழுதினால் அதை அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.